மாப்பிள்ளை வண்டிக்கு சோலார் போட்ட கதை

2024 ஏப்ரலில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் சப்போர்ட் லாரி டிரைவர். இருபத்தேழு வருடமாக இதே வேலை. அன்றைக்கு வண்டி சத்தீஸ்கரில், ராய்ப்பூர் தாண்டி ஒரு கிராமத்தில் நின்றிருந்தது.

"ஏனுங் மாமா, தூங்கிட்டீங்களா? ஊசி போட்டும் சுகர் நானூறுக்குப் பக்கத்துல காட்டுதுங். மருந்துப் பாட்டில்ல வெள்ளையாத் திரிதிரியா மிதக்குது. இதப் போடலாங்களா?"

போடக் கூடாது என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த அக்கா போனைப் பிடுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான். "மருந்த எங்கடா வெச்சிருந்த?"

சீட்டுக்கு அடியில், ஈரத்துணி சுற்றி, எவர்சில்வர் டிபன் டப்பாவில். வெளியே 43 டிகிரி. மத்தியான வெயிலில் நிற்கும் லாரி கேபினுக்குள் எவ்வளவு இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்து பயன்படுத்தும் பாட்டில், 25, 30 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால், நாலு வாரம் போலத் தாங்கும். அதற்கு மேல் சூடானால் மருந்தின் வீரியம் போய்விடும். ஊசி போட்டோம் என்ற நிம்மதி மட்டும்தான் மிச்சம். மறுநாள் காலை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த டவுனுக்கு யாரோ ஒருவரின் பைக்கில் போய்ப் புது பாட்டில் வாங்கினார். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வெளியூர் நண்பர்களுக்காக ரிக் வண்டி பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாமக்கல் என்றால் முட்டையும் டேங்கர் லாரியும் பாடி கட்டும் பட்டறையும் எல்லோருக்கும் தெரியும். திருச்செங்கோட்டின் அடையாளம் மலைக்கோயிலுக்கு அடுத்தபடியாக ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக். எங்கள் பூமி வறண்டது, கீழே கடினப் பாறை. தண்ணீர் இறங்க இறங்க, துளை போடுகிற தொழிலும் இங்கே வளர்ந்தது. இங்கே கற்ற கையோடு ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வண்டிகள் கிளம்பின. டி.என். 34 என்ற நம்பரை எந்த மாநிலத்துப் பாறைக் காட்டிலும் பார்க்கலாம்.

இரண்டு லாரி சேர்ந்ததுதான் ஒரு செட். ஒன்றில் துளை போடும் கோபுரம் நிற்கும். கூடவே போகும் சப்போர்ட் லாரியில் ராடு, டீசல், தண்ணீர், அரிசி மூட்டை, அடுப்பு, பாய், தலையணை எல்லாம் இருக்கும். எட்டு ஒன்பது பேர் மாதக்கணக்கில் அதில்தான் வாழ்கிறார்கள். மழைக்காலத்தில் வண்டி ஊருக்கு வரும், ஆயுத பூஜை முடிந்ததும் மறுபடி கிளம்பிவிடும்.

வெளிநாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் மோட்டார் ஹோம் என்று வீடு மாதிரி வண்டி வாங்கி ஊர் சுற்றுகிறார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கூரையில் சோலார் பேனல் எல்லாம் உண்டு. யூடியூபில் அந்த வீடியோக்களை நான் விரும்பிப் பார்ப்பேன். ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டிலேயே ஒருவர் முப்பது வருடமாக மோட்டார் ஹோமில்தான் குடியிருக்கிறார். கூரையில் பேனல்தான் இல்லை.

முதல் முயற்சி, இரண்டு பேட்டரி காலி

அந்த ஏப்ரல் சம்பவத்துக்குப் பிறகு மாப்பிள்ளை காரில் வைக்கிற சின்ன கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினார். போகிற வழியில் ஒரு எலக்ட்ரீசியனைப் பிடித்துக் கனெக்‌ஷன் கொடுக்கச் சொன்னார். லாரியில் இருப்பது 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்திருப்பார்கள். அந்த எலக்ட்ரீசியன் சுலப வழியாக, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஃபிரிட்ஜ் ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பத்தாவது நாள் காலை செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்ய அது என்ன அம்பாசிடர் காரா? ரிக் வண்டியிலிருந்து ஒயர் இழுத்துக் கிளப்பியிருக்கிறார்கள். ஒரே மாதத்தில் இரண்டு பேட்டரியும் போய்விட்டன.

காரணம் எளிது. லாரியின் டைனமோ இரண்டு பேட்டரியையும் சேர்த்து ஒன்றாகப் பார்த்து 28 வோல்ட் போலக் கொடுக்கும். எது காலி, எது நிறைந்தது என்று அதற்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் உறிஞ்சிய பேட்டரி எப்போதும் அரைவயிற்றோடு நிற்கும். மற்றது ஏற்கெனவே நிறைந்திருந்தும் மேலும் மேலும் சார்ஜ் ஏறித் தண்ணீர் கொதித்து வற்றும். ஒன்று பட்டினியில் சாகும், இன்னொன்று அஜீரணத்தில் சாகும். லாரியில் ஃபேன், லைட், ஆடியோ என்று இப்படி ஒற்றை பேட்டரியில் டேப் எடுத்த வண்டிகள் நிறைய உண்டு. இதைப் படிக்கிற லாரிக்காரர்கள் தயவுசெய்து ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் இரண்டு நாள்

ஆடி மாதம் வண்டி ஊருக்கு வந்தது. மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். சப்-ஸ்டேஷனில் 110 கிலோ வோல்ட்டைப் பார்த்த எனக்கு 12 வோல்ட் ஒரு பொருட்டா என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தின் விலையைப் பிறகு சொல்கிறேன்.

ஓனரிடம் அனுமதி கேட்கப் போனோம். அவர் மறுக்கவில்லை. "கேபினை ஓட்டை போடாம செய்யுங்க. வண்டியோட உயரம் கூடக் கூடாது. பேட்டரிக்குப் பாதி நான் தர்றேன்" என்றார்.

சேலத்தில் 335 வாட் பேனல் ஒன்று வாங்கினோம். ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். கேபின் மேல் இருந்த கேரியரில் குறுக்காகப் படுக்க வைத்தால் சரியாக உட்கார்ந்தது, கம்பி விளிம்புக்கு மேலே தெரியவில்லை. அடியில் நாலு அங்குல இடைவெளி விட்டு இரும்பு ஆங்கிளில் போல்ட் போட்டோம். இடைவெளி முக்கியம். பேனல் சூடானால் மின்சாரம் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ நாலு சதவீதம் போய்விடும். வெயிலில் பேனலின் சூடு 65 டிகிரியைத் தொடும் என்பதால், காற்றோட்டம் இல்லையென்றால் நஷ்டம் நமக்குத்தான். இன்னொரு லாபமும் கிடைத்தது. பேனலின் நிழல் கேபின் கூரையில் விழுவதால் உள்ளே வெக்கை குறைந்தது.

பேனலைச் சாய்த்து வைக்க வேண்டாமா என்று பட்டறைப் பையன் கேட்டான். வீட்டு மொட்டை மாடி என்றால் தெற்கே சாய்க்கலாம். லாரி இன்றைக்கு வடக்கே பார்த்து நிற்கும், நாளைக்கு மேற்கே. படுக்கை வசம்தான் பொது. திருச்செங்கோடு 11 டிகிரி அட்சரேகைக்குச் சற்று மேலே இருக்கிறது, ராய்ப்பூர் 21. வேலை அதிகமாக நடக்கும் கோடையில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடும். பெரிய நஷ்டமில்லை.

லாரியின் 24 வோல்ட்டைத் தொடவே இல்லை. கேபினுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி அடித்து அதில் தனியாக 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று வைத்தோம். இரும்பு பாஸ்பேட் வகை. குலுங்கினாலும் ஆசிட் சிந்தாது. வெயில் நேராகப் படாத பக்கமாகப் பார்த்துப் பெட்டியை வைத்தோம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர். பேனல் கொடுக்கிற நாற்பது வோல்ட் சொச்சத்தை பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கி, ஆம்பியரைக் கூட்டித் தரும் பெட்டி அது.

இங்கேதான் என் 110 கிலோ வோல்ட் கர்வம் அடி வாங்கியது. வீட்டில் மிச்சமிருந்த நல்ல பித்தளை சுவிட்ச் ஒன்றை ஃபிரிட்ஜ் லைனில் மாட்டினேன். வீட்டு ஏ.சி. மின்சாரத்துக்கான சுவிட்ச். சோதித்துப் பார்க்க, ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜை நாலைந்து முறை அணைத்துப் போட்டேன். உள்ளே 'சர்' என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை. ஏ.சி. மின்சாரம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். சுவிட்சைப் பிரிக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். டி.சி.க்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. பொறி தொடர்ந்து எரியும். முப்பத்து நாலு வருடப் பாடத்தை ஒரு சுவிட்ச் மறுபடி நடத்தியது. டி.சி.க்கென்றே செய்த சுவிட்ச் வாங்கி வந்தேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் போட்டேன். பக்கத்து அறையில் டீசல் பேரல் வைத்துக்கொண்டு ஃபியூஸ் இல்லாமல் ஒயர் இழுப்பது தற்கொலைக்குச் சமம்.

ஒயரும் அப்படித்தான். 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் வழியில் தேய்ந்து போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் எட்டு சதவீதம் போச்சு. ஒயர் நீளத்தைக் குறைத்து, கனத்தைக் கூட்டினேன். பேட்டரி லைனுக்கு 10 சதுர மில்லிமீட்டர்.

இனி கணக்கு. ஃபிரிட்ஜ் 45 வாட். கோடையில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 540 வாட்-அவர். ஒரு சின்ன ஃபேன் இரவு எட்டு மணி நேரம், 120. இரண்டு லைட்டுக்கு 40. நாலு போன், 60. ஆக மொத்தம் 760. வரவு? 335 வாட் பேனலுக்கு நாலரை மணி நேர முழு வெயில் என்றால் 1,500. சூடு, தூசி, ஒயர் நஷ்டம் என்று முப்பது சதவீதம் தள்ளினாலும் ஆயிரத்துக்கு மேல். பேட்டரியில் 1,280 சேமிப்பு. ஒரு நாள் முழுக்க மேகம் மூடினாலும் தாங்கும். ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். ஃபிரிட்ஜைத் தவிர்த்துச் செலவு நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல்.

சூரியனால் லாரியே ஓடுமா என்று பட்டறையில் ஒருவர் கேட்டார். ஓடாது. 2017 ஜூலையில் டெல்லியில் ரயில்வே ஒரு சோலார் ரயில் விட்டது நினைவிருக்கலாம். பெட்டிகள் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்தவை. பெட்டிக் கூரையில் 300 வாட் பேனல் 16 வீதம் இருந்தன. அந்த ரயிலை இழுத்ததும் டீசல்தான். சூரியன் கொடுத்தது உள்ளே எரிகிற லைட்டுக்கும் ஃபேனுக்கும். இழுக்கிற வேலை வேறு, உள்ளே இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை வேறு.

பிப்ரவரியில் வந்த போன்

ஆயுத பூஜை கழிந்து வண்டி கிளம்பியது. பொங்கல் வரை ஒரு குறையும் இல்லை. தினமும் ஃபிரிட்ஜில் எரியும் எண்ணை போட்டோ எடுத்து அனுப்புவார். 5 டிகிரி, 6 டிகிரி. அக்காவுக்கு அதைப் பார்த்தால்தான் காபி இறங்கும்.

பிப்ரவரியில் ஒரு காலை போட்டோ வரவில்லை. பத்து மணிக்கு நான் கூப்பிட்டேன்.

"நைட்டு மூணு மணிக்கே ஆஃப் ஆயிருக்குதுங் மாமா. இப்ப 24 காட்டுது. மூணு நாளா இப்படித்தான். உங்ககிட்டச் சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார். "கணக்குல எங்கியோ தப்பிருக்குங்."

எனக்குக் கோபம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கணக்கு அல்லவா! வீடியோ காலில் வண்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். பார்த்ததும் கோபம் அடங்கிவிட்டது.

முதலில், வண்டி ஒரு பெரிய புளியமரத்தடியில் நின்றிருந்தது. பிப்ரவரி வெயிலில் எந்த டிரைவர் நிழலை விட்டு வெளியே நிறுத்துவார்? மனிதனுக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு வெயில் வேண்டும். என் தாளில் வண்டி எப்போதும் வெட்டவெளியில் நின்றது. பேனல் முழுக்க நிழல் என்றில்லை, ஒரு கிளையின் நிழல் குறுக்கே விழுந்தாலே மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போய்விடும். உள்ளே செல்கள் மூன்று வரிசையாகப் பிரிந்திருக்கும். நிழல் பட்ட வரிசையை விட்டுவிட்டு மற்றவைதான் வேலை செய்யும்.

இரண்டாவது, பேனல் கறுப்பாகவே இல்லை, வெள்ளையாக இருந்தது. போர் போடும்போது பாறை மாவாகி வெளியே பறக்கும். பத்தடி தள்ளி நிற்கும் சப்போர்ட் லாரி மேல் அது கோலமாவு மாதிரி படியும். ரிக் வண்டிக்குப் பேனல் போட்டவனுக்கு ரிக்கின் தூசி நினைவுக்கு வரவில்லை.

மூன்றாவதுதான் பெரியது. போன் பிளக் இருந்த இடத்தில் கொத்துக் கொத்தாக ஒயர் தொங்கியது. ஒன்பது போன், மூன்று பவர் பேங்க், கூடுதலாக இரண்டு ஃபேன். கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் செலவு 1,300ஐ நெருங்கியது. வரவோ 500 தேறாது.

"நாலு போன்னுதானே சொன்னீங்க மாப்பிள்ளை?"

"ஆமாங். அப்ப நாலுதான் போட்டாங்க. கரண்டு இருக்குதுன்னு தெரிஞ்சா எல்லாரும் போடத்தான செய்வாங்க."

"அவங்ககிட்ட போடாதீங்கன்னு சொல்லுங்க. உங்க மருந்து முக்கியமா, அவங்க சினிமாப் பாக்கிறது முக்கியமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பசங்க ஜார்க்கண்டுங் மாமா. ஒருத்தனுக்குப் போன மாசம் பொண்ணு பொறந்துருக்குது. இன்னும் நேர்ல பாக்கல, போன்லதான் பாக்கிறான். நான் ஒருத்தன் மருந்து குளுகுளுன்னு இருக்கோணும்னு எட்டுப் பேரு போன வெக்காதீங்கன்னா நல்லாருக்குங்களா? ராத்திரி பகலு எங்கூட ராடு தூக்கறவங்க. நமக்கு ஒன்னுன்னா தூக்கிட்டு ஓடறதும் அவங்கதான்."

எனக்குப் பதில் இல்லை. ஏப்ரலில் நாற்பது கிலோமீட்டர் பைக்கில் கூட்டிப் போன 'யாரோ ஒருவர்' அந்தப் பையன்களில் ஒருவன்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுபடி கணக்கு

அன்று இரவு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு யோசித்தேன். மின்சாரப் பற்றாக்குறை எனக்குப் புதிதல்ல. 2012 வாக்கில் நம் மாவட்டங்களில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் நான் பணியில் இருந்தேன். போனை எடுத்தாலே திட்டுத்தான் விழும். அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஃபீடர் கடைசி வரை நிற்க வேண்டும் என்று பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரே கம்பியில் தொங்கவிட்டால் கட் ஆகும்போது எல்லாமே கட் ஆகும். பிரித்து வைத்தால்தான் எது முக்கியமோ அதைக் காப்பாற்றலாம். இதையே தொழிலாகச் செய்தவன், மாப்பிள்ளை வண்டியில் மருந்தையும் போனையும் ஒரே லைனில் போட்டிருந்தேன்.

பழைய திருத்தம் என்றால் 'பேனலைக் கூட்டு, பேட்டரியைக் கூட்டு' என்று போயிருப்பேன். கூட்டினால் போனும் ஃபேனும் கூடும், அவ்வளவுதான். வேண்டியது வரிசை. எது முதலில் நிற்க வேண்டும், எது கடைசி வரை ஓட வேண்டும் என்ற வரிசை.

வீடியோ காலில் மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் ஸ்பேனர் பிடிக்க, புதிதாக அப்பாவான அந்தப் பையன் டார்ச் அடித்தான். ஃபிரிட்ஜை ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்குக் கொடுத்தோம். போன், ஃபேன், லைட் எல்லாவற்றையும் சார்ஜ் கன்ட்ரோலரில் 'லோடு' என்று தனியாக இருக்கும் முனைக்கு மாற்றினோம். பேட்டரி இத்தனை வோல்ட்டுக்கு இறங்கினால் அந்த முனையை நிறுத்திவிடு என்று கன்ட்ரோலரில் அமைக்கலாம். அதை 13 வோல்ட்டில் வைத்தேன். லித்தியத்தில் ஒரு சங்கடம், வோல்ட்டை வைத்து மிச்சத்தைக் கணிப்பது கஷ்டம். நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் முள் பெரிதாக அசையாது. இருந்தாலும் 13 என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கும். ஃபிரிட்ஜுக்கு மட்டும் அது பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். நின்ற லைன், காலையில் வெயில் ஏறி பேட்டரி தேறிய பிறகுதான் திரும்ப வரும்.

அடுத்து நிழல் பிரச்சினை. பத்து மீட்டர் ஒயரோடு 100 வாட் பேனல் ஒன்று வாங்கச் சொன்னேன். வண்டி நிழலில் நிற்கட்டும், சின்னப் பேனலை இறக்கி வெயிலில் சாய்த்து வைத்தால் போதும். இதன் வோல்ட் பெரிய பேனலோடு ஒத்துப் போகாது என்பதால் இதற்கு, லித்தியத்துக்கு அமைக்கக்கூடிய தனிச் சின்னக் கன்ட்ரோலர். கூடவே, வண்டி ஓடும்போது டைனமோவிலிருந்து புது பேட்டரியை சார்ஜ் செய்ய 24 வோல்ட்டை 12 ஆக்கும் சார்ஜர் ஒன்று. 20 ஆம்பியர். பாயின்ட் மாற்ற இரண்டு மணி நேரம் வண்டி ஓடினால் 500 வாட்-அவர் சும்மா ஏறும். இன்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்கிற மாதிரி சாவி லைனோடு இணைத்தோம். லாரி பேட்டரியின் வாயில் இனி யாரும் கை வைக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு யோசனை அக்காவுடையது. இரண்டு மண்பானை, ஒன்றுக்குள் ஒன்று, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. எல்லாம் கைவிட்டால் மருந்தை அதில் வை என்றாள். வடக்கத்தி வறண்ட காற்றில் ஈரம் வேகமாக உலரும். உலரும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஃபிரிட்ஜ் அளவுக்கு வராது. ஆனால் கேபின் சூட்டுக்கு அது எவ்வளவோ மேல். ஃபியூஸே தேவைப்படாத ஏற்பாடு. நான் முதலில் சிரித்தேன், இப்போது என் தாளில் அதற்கும் ஒரு வரி உண்டு.

கோடை சொன்ன பதில்

2025 ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஃபிரிட்ஜ் ஒரு நாளும் நிற்கவில்லை. போன் லைன் பல இரவுகளில் நின்றது. முதல் வாரம் பையன்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். பிறகு அவர்களுக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. பேனல் அழுக்காக இருந்தால் இரவு ஒரு மணிக்கு ஃபேன் நிற்கும், துடைத்து வைத்தால் விடியும் வரை ஓடும். இப்போது காலை டீக்கு முன்னால் பேனலைத் துடைப்பது அவர்கள் வேலை. உலர்ந்த துணியால் தேய்த்தால் பாறைத் தூசி கண்ணாடியைக் கீறும், முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் சொல்லி வைத்தேன். சின்னப் பேனலை வெயிலுக்கு நகர்த்தி நகர்த்தி வைப்பதும் அவர்கள்தான்.

மாப்பிள்ளை யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் வாயில் வராத அந்தச் சொல்லை ஒரு சின்னப் பெட்டி இரவு ஒரு மணிக்குச் சொல்லிவிடுகிறது. அதன் மேல் யாருக்கும் வருத்தமில்லை.

ஆடிக்கு ஊருக்கு வந்தபோது ரத்தம் பரிசோதித்தோம். மூன்று மாத சர்க்கரை சராசரி 11.2இல் இருந்து 8.4க்கு இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்தார். அதற்கு சோலார் உதவாது, பரோட்டாவை விட வேண்டும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் அந்த ஏ.சி. இன்ஜின் ஓடினால்தான் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிகளுக்கு அதுவும் இல்லை. நின்ற வண்டியில் இரவு தூங்குகிற மனிதனைப் பற்றி யோசிக்க இன்னும் நிறைய இருக்கிறது.

இந்த ஆயுத பூஜைக்கு இன்னொரு டிரைவர் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் சர்க்கரை, அவர் வண்டியிலும் போட வேண்டுமாம். எத்தனை வாட் பேனல் வாங்கட்டும் என்று கேட்டார். பேனலை அப்புறம் பார்க்கலாம் என்றேன். தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க வண்டியில எத்தனை பேரு? எத்தனை போன்? எந்த மரத்தடியில நிறுத்துவீங்க?" என்று முதலில் கேட்டு எழுதிக்கொண்டேன்.